பூட்டும் உடையாது, கண்ணாடியும் உடையாது! புதுக் கார் மாயமாவது எப்படி?

பள்ளிபாளையம்:-

கண்டெய்னர் லாரியின் பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே நின்றது ஒரு வெள்ளைக் கார்!

பள்ளிபாளையத்தை அடுத்த வெப்படை பகுதியில் 2024-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி நடந்தது இது. அன்று அதிகாலை கேரள மாநிலம் திருச்சூர் பகுதியில் மூன்று ஸ்டேட் பாங்க் ஏ.டி.எம்.களை கியாஸ் கட்டரால் வெட்டி, 60 லட்ச ரூபாய்க்கும் மேல் அள்ளிக்கொண்டு ஒரு கும்பல் கிளம்பியது. கொள்ளையடிக்கப் போனது கிரெட்டா காரில். கொள்ளை முடிந்ததும் அந்தக் காரையே அலாக்காக கண்டெய்னர் லாரிக்குள் ஏற்றி, கதவை மூடிவிட்டார்கள்.

திருச்சூர் போலீசார் தமிழக எல்லை மாவட்டங்களை உஷார்படுத்தினார்கள். குமாரபாளையம் அருகே போலீசார் கை காட்டியும் அந்த லாரி நிற்கவில்லை. வழியில் நின்ற கார்கள், இரு சக்கர வாகனங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியது. போலீசார் விடாமல் துரத்தி, சன்னியாசிப்பட்டி பக்கம் மடக்கினார்கள். கும்பலில் மொத்தம் ஏழு பேர். போலீசாரைத் தாக்கியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். இன்னொருவர் காலில் குண்டு பாய்ந்தது. மற்ற ஐந்து பேர் பிடிபட்டார்கள். அரியானாவைச் சேர்ந்த கும்பல் என்று போலீசார் அறிவித்தனர்.

இது ஏ.டி.எம். கொள்ளை வழக்கு. கார் திருட்டு வழக்கு என்று யாரும் பேசவில்லை. ஆனாலும் வாசலில் கார் நிறுத்தியிருக்கிற ஒவ்வொருவரும் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று இதில் இருக்கிறது.

முழுசாக ஒரு கார், இருநூறு கிலோமீட்டருக்கும் மேல், தேசிய நெடுஞ்சாலையில், யார் கண்ணிலும் படாமல் வந்து சேர்ந்தது! வழி நெடுக கேமரா இருந்தது. டோல்கேட் இருந்தது. கேமராவில் பதிந்ததெல்லாம் ஒரு லாரி. அதுவும் எந்த ஊரில்? நூல் பேல், துணி பேல், பேப்பர், முட்டை என்று விடிய விடிய லாரி ஓடுகிற ஊரில். இங்கே ஒரு கண்டெய்னரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

போகிற கார் இப்படிப் போகலாம் என்றால், அது வாசலை விட்டு நகராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. நகர்ந்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம்தான் கணக்கு.

தறிச் சத்தத்தில் கேட்காது

பள்ளிபாளையத்தில் கார் வைத்திருப்பவர் எல்லாம் கோடீசுவரர் இல்லை. பத்து தறி போட்டிருப்பவர், நூல் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர், ஈரோட்டுக்குப் பாலம் தாண்டி வேலைக்குப் போகிற கணக்குப்பிள்ளை. பாங்கில் கடன் வாங்கி, மாதா மாதம் டியூ கட்டி ஓட்டுகிற வண்டி.

வீட்டின் முன்பக்கம் தறிப் பட்டறை. காருக்கு ஷெட் எங்கே இருக்கிறது? வீதியோரம்தான். ராத்திரி ஷிப்ட் ஓடும்போது தறிச் சத்தத்தில் பக்கத்தில் பேசுகிறவர் பேச்சே காதில் விழாது. வெளியே கார் ஸ்டார்ட் ஆகிற சத்தமா கேட்கப்போகிறது?

"சாவி எங்கிட்டதானுங்க இருக்கு, எப்படி எடுத்துட்டுப் போவான்?" என்று கேட்பார்கள். அங்கேதான் விவகாரமே.

அம்பாசிடர் காலம் போச்சு

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் கார் திருட கம்பித் துண்டு போதும். கண்ணாடி இடுக்கில் விட்டு கதவைத் திறப்பான். டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஒயரை இணைப்பான். வண்டி கிளம்பிவிடும்.

இதற்கு முடிவு கட்ட வந்ததுதான் இம்மொபிலைசர். சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். அந்த சிப் சொல்லும் ரகசிய எண்ணை கார் ஒப்புக்கொண்டால்தான் என்ஜின் ஓடும். ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களில் இது கட்டாயம். இது வந்த பிறகு அங்கே கார் திருட்டு வெகுவாகக் குறைந்தது. ஒயரை இணைக்கும் பழைய கில்லாடிகளுக்குப் பிழைப்பு போயிற்று.

பிறகு சொகுசு வந்தது. சாவியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். கதவுப் பிடியைத் தொட்டால் திறக்கும். பட்டனை அமுக்கினால் ஓடும். திருடனுக்கும் மறுபடி நல்ல காலம் பிறந்தது.

கதை இதுதான். கார் மெல்லிய ரேடியோ குரலில் "சாவி பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்கிறது. அந்தக் குரல் ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். சாவி அந்த எல்லைக்குள் இருந்தால் "இருக்கிறேன்" என்று பதில் தரும். கதவு திறக்கும்.

இரண்டு ஆசாமிகள் வருகிறார்கள். ஒருவன் கார் பக்கம் நிற்கிறான். இன்னொருவன் வீட்டுச் சுவர் ஓரம் நிற்கிறான். இருவரிடமும் ஆளுக்கொரு கருவி. காரின் கேள்வியை இவன் கருவி அவன் கருவிக்கு அனுப்புகிறது. அது சுவருக்கு உள்ளே ஆணியில் தொங்கும் சாவிக்குக் கேட்கிறது. சாவி பாவம், கார் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துப் பதில் சொல்கிறது. கார் திறக்கிறது, என்ஜின் ஓடுகிறது. ரகசிய எண்ணை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. பேச்சைக் கடத்தினார்கள், அவ்வளவுதான்.

இதை 2011-லேயே சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். 8 கம்பெனிகளின் 10 மாடல் கார்களை எடுத்துச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன!

நடுவழியில் சாவி இல்லை என்று தெரிந்து கார் நின்றுவிடாதா? நிற்காது. ஓடுகிற வண்டி திடீரென்று நின்றால் விபத்து ஆகிவிடுமே. ஆகவே எச்சரிக்கை மணி மட்டும் அடிக்கும். திருடன் மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போய்விடுவான்.

சென்னையில் சிக்கிய எம்.பி.ஏ.

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம் என்று யாரும் அசட்டையாக இருக்கவேண்டாம். சென்னை அண்ணா நகரில் வீட்டு முன் நின்ற சொகுசு கார் ஒன்று மாயமானது. கேமராவைப் பார்த்தால் கடப்பாரையும் இல்லை, கல்லும் இல்லை. கையில் நவீன கருவியோடு வந்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். 2025-ல் புதுச்சேரியில் ஒருவரை போலீசார் பிடித்தார்கள். ராஜஸ்தானைச் சேர்ந்தவர். எம்.பி.ஏ. பட்டதாரி! பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சொகுசு கார்களைத் திருடி விற்றதாக போலீசார் தெரிவித்தனர். வழக்கு கோர்ட்டில் தீரவேண்டிய விஷயம். ஆனால் முறை புதிது, ஆள் படித்தவர் என்பது வரை போலீசார் சொன்னதே போதும், வயிற்றைக் கலக்குகிறது.

சாவியைத் தொடாமலே செய்கிற வேலையும் உண்டு. லண்டனில் 2022-ல் இயான் டேபர் என்பவரின் டொயோட்டா கார் காணாமல் போனது. அவரோ கார்களின் கம்ப்யூட்டர் பாதுகாப்பை ஆராய்கிறவர். கள்ளன் கை வைத்த இடத்தைப் பாருங்கள்! காணாமல் போவதற்கு முன்பே அந்தக் காரின் முன் பம்பர் கழன்றிருந்தது. ஹெட்லைட் ஒயர் உருவப்பட்டிருந்தது. யாரோ விஷமிகள் வேலை என்று அவர் நினைத்தார். பிறகுதான் புரிந்தது. ஹெட்லைட் ஒயர் வழியாக காரின் கம்ப்யூட்டர் இணைப்புக்குள் புகுந்து, "சாவி சரிதான், திற" என்று கள்ள உத்தரவு போட்டிருக்கிறார்கள். அவரும் கென் டிண்டெல் என்ற நிபுணரும் சேர்ந்து ஆராய்ந்து 2023-ல் இதை வெளியிட்டார்கள். அந்தக் கள்ளக் கருவி பாட்டு கேட்கிற ப்ளூடூத் ஸ்பீக்கர் மாதிரி வேஷம் போட்டு விற்கப்பட்டது.

ஆகவே காலையில் எழுந்து பார்க்கும்போது ஹெட்லைட் பக்கம் பிளாஸ்டிக் பிய்ந்திருந்தால், "நாய் கடிச்சிருக்கும்" என்று விட்டுவிடக்கூடாது.

இரும்புக்கு ரேடியோ தெரியாது

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே விற்ற கியா, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் இம்மொபிலைசரே வைக்கவில்லை. செலவு மிச்சம்! 2021, 2022-ல் அந்தக் கார்களை எடுப்பது எப்படி என்று பொடிப் பையன்கள் வீடியோ போட ஆரம்பித்தார்கள். ஊர் ஊராகக் கார்கள் பறந்தன. கடைசியில் கம்பெனிகள் மென்பொருளை மாற்றிக் கொடுத்தன. அதோடு இன்னொன்றும் செய்தன. போலீஸ் நிலையங்கள் மூலமாக கார்க்காரர்களுக்கு ஸ்டியரிங் பூட்டு இலவசமாகக் கொடுத்தன!

ஆமாம், ஸ்டியரிங்கில் குறுக்கே மாட்டுகிற பழைய இரும்புப் பூட்டுதான். கம்ப்யூட்டர் காருக்குக் கடைசியில் கை கொடுத்தது இரும்பு.

காரணம் எளிது. ரேடியோவை ஏமாற்றலாம். இரும்பை ஏமாற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அறுத்தால் நேரம் ஆகும், சத்தம் வரும். புதுக் கார் திருடன் வருவதே சத்தமில்லாமல் இரண்டு நிமிஷத்தில் போகலாம் என்றுதான். கண்ணாடி வழியே பார்த்ததும் ஸ்டியரிங்கில் மஞ்சள் பூட்டு தெரிந்தால், அடுத்த வீதியில் பூட்டில்லாத காருக்குப் போய்விடுவான். கியர் பூட்டு, பெடல் பூட்டு என்றும் கடைகளில் விற்கிறார்கள். காரின் விலையைப் பார்த்தால் இதெல்லாம் கொசுறு. சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் அள்ளிக் கொடுப்பவர்கள் இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பது ஏன் என்று தெரியவில்லை.

அடுத்தது சாவி. நம் வீடுகளில் சாவி எங்கே தொங்கும்? வாசல் கதவை ஒட்டி ஆணியில், அல்லது ஜன்னல் ஓரம் டி.வி. மேலே. சுவருக்கு அந்தப் பக்கம் கள்ளன் நிற்பதற்கு இதைவிட வசதி வேண்டுமா? சாவியை வீட்டின் உள்பக்கம், வீதியைவிட்டுத் தள்ளி வைக்கவேண்டும். ரேடியோவைத் தடுக்கிற உலோகத் துணி உறை விற்கிறது. மூடி இறுக்கமான தகர டப்பாவும் சில சமயம் வேலை செய்யும். வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம். சாவியை டப்பாவில் போட்டு மூடி, டப்பாவோடு கார் கதவு பக்கம் போய் நில்லுங்கள். கதவு திறந்தால் டப்பா ஆகாது. பீரோவில் தூங்குகிற இரண்டாவது சாவிக்கும் இதே ஏற்பாடு வேண்டும். அதுவும் பேசுகிற சாவிதானே. சில கார்களில் இந்த "தொட்டால் திறக்கும்" வசதியையே நிறுத்தி வைக்கலாம். ஷோரூமில் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு ஓட்டை, மெக்கானிக் தன் கருவியைச் செருகிப் பார்க்கிற துளை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். உரிய கருவியோடு உள்ளே வந்தவன் அதன் வழியாகப் புதுச் சாவி ஒன்றையே காருக்குப் பழக்கிவிட முடியும். இதற்கும் பூட்டு மூடி உண்டு. வாட்டர் சர்வீசுக்கு விடும்போதும், கல்யாண மண்டபத்தில் "வண்டியைத் தள்ளி நிறுத்துறேன் குடுங்க" என்று முகம் தெரியாதவர் கேட்கும்போதும் சாவிக் கொத்தையே நீட்டுவது நம்மவர் வழக்கம். அதில் வீட்டுச் சாவியும் சேர்ந்தே போகும். தேவைதானா?

லாரிக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. மறைவான இடத்தில் கட்-ஆப் சுவிட்ச். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பட்டறைகளில் இது சாதாரணம். காருக்கும் வைக்கலாம். ஆனால் புதுக் காரில் ஒயரில் கை வைத்தால் கம்பெனி வாரண்டி போய்விடலாம். ஓடும்போது கோளாறு ஆனால் உயிருக்கே ஆபத்து. தெரிந்த எலக்ட்ரீசியன் இல்லையென்றால் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

ஜி.பி.எஸ். இருந்தால் கவலையில்லையா?

"ஜி.பி.எஸ். வெச்சிருக்கேன், போன்லயே பாத்துக்குவேன்" என்று தைரியமாகச் சொல்வோர் பலர். நல்லதுதான். ஆனால் வெப்படை கண்டெய்னரை நினைத்துப் பார்க்கவேண்டும். நாலு பக்கமும் மேலும் கீழும் இரும்புப் பெட்டி. ஜி.பி.எஸ். கருவிக்கு வானத்தில் இருக்கிற செயற்கைக்கோள் தெரியவேண்டும். இரும்புக் கூண்டுக்குள் அது எங்கே தெரியும்? செல்போன் சிக்னலும் திணறும். போனில் அந்தப் புள்ளி கடைசியாகக் கண்ட இடத்தில் நின்றுவிடும்.

அந்தக் கடைசிப் புள்ளிதான் துருப்புச் சீட்டு! அது எந்த இடம், மணி எத்தனை என்பதை உடனே போலீசுக்குச் சொல்லவேண்டும். ஏற்றுகிற இடத்தில் சாய்பலகை, லாரி, ஆட்கள் என்று யார் கண்ணிலாவது, எந்தக் கடைக் கேமராவிலாவது பட்டிருக்கும்.

கார் ரோட்டிலேயே போனால் பாஸ்டேக் காட்டிக்கொடுக்கும். சேலம் பக்கம் போனால் வைகுந்தம் டோல்கேட். கோவை பக்கம் போனால் விஜயமங்கலம். ராத்திரி இரண்டு மணிக்கு பணம் கழிந்ததாக மெசேஜ் வந்தால் அது திருடன் கொடுத்த முகவரி! விவரம் தெரிந்தவன் ஸ்டிக்கரைக் கிழித்துவிடுவான். தெரியாதவனும் உண்டே.

"அது எங்க லிமிட் இல்லை"

கார் காணோம் என்றதும் முதலில் என்ன செய்கிறார்கள்? மச்சானுக்குப் போன். பிறகு பங்காளிக்குப் போன். பிறகு நாலு பேராக இரண்டு பைக்கில் ஏறி ஈரோடு, பவானி, சங்ககிரி என்று சுற்றுகிறார்கள். விடிந்தபிறகு ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். அதற்குள் வண்டி ஓசூரைத் தாண்டியிருக்கும்.

இந்த ஊருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம். அந்தப் பக்கம் ஈரோடு மாவட்டம். வீடு இங்கே, கார் நிறுத்தியது அங்கே என்றால் எந்த ஸ்டேஷன்? இப்போது அந்தக் குழப்பம் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. மின்னணு முறையிலும் தகவல் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் போய் கையெழுத்துப் போடவேண்டும். "அது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் நடுராத்திரி முதல் போன் 100 அல்லது 112-க்குத்தான்.

திருச்சூர் கும்பல் சிக்கியதும் இப்படித்தானே. கொள்ளை அதிகாலையில். லாரி மடக்கப்பட்டது அன்றைக்கே. தகவல் லாரியைவிட வேகமாக ஓடியது.

இன்சூரன்சில் இடிக்கும் இடம்

கார் போய்விட்டது, கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியுமா?

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் கட்டியவருக்குத் திருட்டுக்காகச் சல்லிக் காசு கிடைக்காது. பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க நினைத்து இதில் மாட்டுகிறவர்கள் அதிகம். முழு இன்சூரன்ஸ் இருந்தாலும் வாங்கிய விலை வராது. பாலிசியில் போட்டிருக்கிற மதிப்புதான். ஐந்து வயசு ஆகும்போது அது பாதியாகிவிடும். கடன் இருந்தால் அந்தப் பணமும் முதலில் போவது பாங்குக்கு. மீதிக் கடன் அதிகமாக இருந்தால், இல்லாத காருக்கு டியூ கட்டவேண்டியதுதான்!

கம்பெனி கேட்கிற முதல் கேள்வி, "இரண்டு சாவியும் எங்கே?" ஒன்று தொலைந்திருந்தால் இழுபறி ஆரம்பம். ஆகவே சாவி தொலைந்த அன்றைக்கே போலீசிலும் ஷோரூமிலும் எழுத்து மூலம் சொல்லி, தொலைந்த சாவியை காரின் நினைவிலிருந்து அழித்துவிடவேண்டும்.

"தாமதமாகச் சொன்னீர்கள்" என்று கிளெய்மை மறுப்பது இன்னொரு வழக்கம். இதில் சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. போலீசில் உடனே எப்.ஐ.ஆர். போட்டிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டி மறுக்க முடியாது. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டிரைவர் இறங்கிப் போய், லாரி திருட்டுப் போன ஒரு வழக்கும் உண்டு. 2023-ல் அதில் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட்டு. கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால் கால் பங்கு போனது சாவியை எடுக்காத குற்றத்துக்குத்தான். அதற்கும் டெல்லி வரை நடக்கவேண்டியிருந்தது. டீக்கடை முன்னால் என்ஜினை ஓடவிட்டு, "ரெண்டே நிமிஷம்" என்று இறங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கட்டும்.

மலிவு கார் வாங்குவோர் உஷார்

திருடிய காரை ஒருவன் வாங்கினால்தானே திருடனுக்குப் பணம்? வாகனத் திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 305-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை ஜெயில். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்குகிறவருக்கும் 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை உண்டு.

சந்தை விலைக்கு ஒன்றரை லட்சம் குறைவு, ஒரு சாவிதான் இருக்கிறது, ஆர்.சி. "ஊரிலிருந்து வந்துட்டிருக்கு" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். 2019 ஏப்ரல் முதல் விற்ற கார்களுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் உண்டு. கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத பூட்டு, ஓரத்தில் ஹாலோகிராம், லேசரில் பொறித்த எண், முன்கண்ணாடியின் உள்பக்கம் அதே நம்பரோடு ஸ்டிக்கர். பிளேட்டில் சாதா போல்ட்டு தெரிந்தால் ஏன் என்று கேட்கவேண்டும். சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடும்போது தகட்டைத் தடவிப் பார்க்கவேண்டும். அரைத்து அடித்த இடம் விரலுக்குத் தெரியும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நடத்துகிற "வாகன் சமன்வய்" பதிவேட்டில், அந்த வண்டி நாட்டில் எங்காவது திருட்டு வழக்கில் இருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். ரெஜிஸ்டர் நம்பர், என்ஜின் நம்பர், சேஸ் நம்பர் கையில் இருந்தால் போதும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பார்க்கவேண்டிய வேலை இது, கொடுத்தபிறகு அல்ல.